பால்மரத்தின் பொருள்: சடங்காராய்ச்சி முறை பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு சடங்கின் பொருளைக் கூறத் தக்கவர் யாவர்? அதனை ஆற்றும் மக்களா, அயலிலிருந்து வந்து நோக்கும் ஆராய்ச்சியாளரா? மானிடவியலார் இவ்வினாவிற்கு ஒருமுகமான விடை கண்டிலர். நியாக்கியூசா மக்களிடை ஆராய்ந்த மொனிக்கா வில்சன் அம்மையார், மக்கள் தரும் விளக்கத்திற்கே முதன்மை அளித்தார். அக்கொள்கையின் எல்லையைச் சுட்டியவர் விக்டர் டேணர்.

டேணர் 1950ஆம் ஆண்டிற்கும் 1954ஆம் ஆண்டிற்குமிடையில், இன்று சாம்பியா எனப்படும் நாட்டின் வடமேற்கில் வாழும் நிடெம்பு மக்களிடையே களஆய்வு நிகழ்த்தினார். 1967இல் வெளிவந்த 'குறியீடுகளின் காடு' என்னும் அவரது நூலில், அம்மக்களின் பூப்புச் சடங்கு விரிவாக ஆராயப்படுகின்றது. போர்வையாற் சுற்றப்பட்ட பெண், பால்வடியும் ஓர் இளமரத்தின் அடியில் பகல் முழுதும் அசையாது கிடத்தல் வேண்டும். அம்மரம் தாய்ப்பாலையும், தாய்மகள் உறவையும், தாய்வழிக் குலமரபையும் குறிக்கும் என்பது மக்கள் கூற்று. அவர்தம் சொல்லளவில் அஃது ஒற்றுமையின் சின்னம்.

செயலோ வேறு. மரத்தைச் சூழ்ந்தாடும் பெண்கள் ஆடவரை எள்ளிப் பாடுகின்றனர். பெண்ணைப் பெற்ற தாய்க்கு அவ்வாட்டத்தில் இடமில்லை. பின்னர் அவள் அகப்பையிற் கொணரும் மரவள்ளி உணவைப் பெறப் பல ஊர்ப் பெண்களும் போட்டியிடுகின்றனர். மரத்திற்குப் பொருள் உரைப்போர் இப்பிணக்குகளைக் குறிப்பிடுவதில்லை. எனவே, மக்கள் கூற்று, குறியீடு வழங்கும் முறை, பிற குறியீடுகளுடன் அதற்குள்ள தொடர்பு என மூன்றையும் டேணர் வேறுபிரித்து நோக்கினார். சொல்லை மட்டும் நம்பினோர் பிணக்கைக் காணார். செயலை மட்டும் கண்டோர் பாலின் பொருளை அறியார்.

ஆயின், இதற்கு அவர் காட்டும் காரணம் முற்றும் ஏற்கத்தக்கதன்று. சடங்கில் ஈடுபடுவோர் தத்தம் நிலையில் நின்றே காண்பர் என்றும், எச்சார்புமற்ற ஆராய்ச்சியாளன் முழுமையைக் காண்பான் என்றும் அவர் கருதினார். ஆராய்ச்சியாளனுக்கும் ஒரு நிலை உண்டு. டேணரின் ஆசிரியரான மக்ஸ் குளுக்மன், மஞ்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்திற் சடங்கினுள் சமூகப் பிணக்குகளை ஆராயும் நெறியை வளர்த்தவர். அந்நெறியிற் பயின்ற கண்ணுக்குப் பிணக்குப் புலப்பட்டமை வியப்பன்று. மேலும், குறியீடுகளின் நுண்பொருள் பலவற்றை முச்சோனா என்னும் மருத்துவரிடமே அவர் கற்றார். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரும் அவ்வுரையாடல்களிற் பங்குகொண்டார். முச்சோனாவைப் பற்றி டேணர் 1960இல் வெளியிட்ட கட்டுரையே இதற்குச் சான்று. ஆகவே, அயலவன் தனித்துக் கண்ட முழுமை என அதனைக் கொள்ளுதல் பொருந்தாது.

எனினும், மக்கள் சொல்லையும் செயலையும் தம் ஊகத்தையும் ஒன்றோடொன்று கலவாது வைத்தமையால், டேணரை மறுப்பதற்குரிய சான்றுகளை அவர் நூலே தருகின்றது. நேர்மையான ஆராய்ச்சிக்கு இஃது ஓர் அளவுகோலாகும்.