கல்யாணம் ஆனால்தான் ஏரி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டல். நண்பர் மகளின் வரவேற்பு. மேடையைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அசந்து நின்றுவிட்டேன். பின்னணியில் புத்தம்புது நீல நைலான் வலை. அதில் சங்கு, கிளிஞ்சல், பிளாஸ்டிக் நட்சத்திர மீன். ஓரத்தில் வெள்ளை பெயின்ட் அடித்த கட்டுமரம், அதன் மேல் ஜூஸ் டம்ளர்கள் வரிசையாக. காதில் ஒயர் மாட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த இளைஞரை நிறுத்தி, "என்ன தம்பி இது?" என்றேன்.

"ஃபிஷர்மேன் தீம் சார். நல்லா போகுது."

பந்தி சுத்த சைவம்.

காசு இருக்கிறவர் செலவு பண்ணுகிறார், உனக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நிஜமான மீனவக் கல்யாணம் எப்படி இருக்கும் என்று அந்த மேடைக்கு ஒரு துளிகூடத் தெரியவில்லை. அது பரவாயில்லை. தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசைகூட இல்லை என்பதுதான் உறுத்தியது.

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் பழவேற்காடு. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை, மண்டை ஓடும் எலும்புக்கூடும் செதுக்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டம், ஃபிளமிங்கோ பறவைகள் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வந்து போகும். நான் போன அன்று கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டுக்காக ஒரு ஜோடி படகில் நின்று டைட்டானிக் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு தானாகவே கல்யாணத்துக்கு வந்தது.

"கண்ணாலம் ஆனாத்தான் சார் தலக்கட்டு. தலக்கட்டு ஆனாத்தான் பாடு. கட்டாத பையன் எவ்ளோ கெட்டிக்காரனா இருந்தாலும் அப்பன் நெழல்லதான் நிக்கணும்."

இந்த இரண்டு சொற்களையும் விளக்கியாக வேண்டும். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே உள்ள முகத்துவாரத்தை ஒட்டித்தான் இறால் நடமாட்டம் அதிகம். அங்கே நல்ல இடங்கள் சிலதான். எல்லாரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் வெட்டுக்குத்துதான். அதனால் பட்டினவர் குப்பங்களில், எந்த இடத்தில் யார், எந்த முறையில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும் பழக்கம் பல தலைமுறைகளாக இருக்கிறது. அதற்குத்தான் பாடு என்று பெயர். அந்தச் சீட்டில் பெயர் இருக்க வேண்டுமானால் ஊர்க் கணக்கில் நீங்கள் ஒரு தலைக்கட்டு. அதாவது ஊருக்கு வரி கட்டுகிற, பஞ்சாயத்தில் உட்காருகிற, கல்யாணமான ஆண்.

யோசித்துப் பாருங்கள். நம் கல்யாணங்களில் ரிஜிஸ்தரில் கையெழுத்து போட்டால் கணவன் மனைவி. அங்கே தாலி கட்டுகிற பையனுக்கு மனைவியோடு சேர்த்து ஏரியிலும் ஒரு பங்கு வருகிறது. ஊர் மொத்தமும் பந்தலுக்கு வருவது சும்மா சாப்பிட்டுவிட்டுப் போக இல்லை. புதிதாக ஒரு பங்காளி வந்துவிட்டான், நமக்கு வருகிற முறை இனிமேல் கொஞ்சம் தள்ளிப் போகும் என்று தெரிந்தேதான் வந்து அட்சதை போடுகிறார்கள். நம் ரிசப்ஷனில் க்யூவில் நின்று கவர் கொடுக்கிற எனக்கு அப்படி என்ன நஷ்டம்?

கல்யாணத்தில் கணக்குப் பார்ப்பது ஒன்றும் கேவலமில்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்து வட்டியில்லாத வங்கி மாதிரி. ஜப்பானில் கல்யாண அன்பளிப்பு இரட்டைப்படையில் இருக்கக் கூடாதென்பார்கள். இரண்டாகப் பிரிந்துவிடுமாம். அதனால் நண்பர்கள் பெரும்பாலும் 30,000 யென் என்று வைக்கிறார்கள். நாம் 500-க்கு மேல் ஒரு ரூபாய் ஒட்டிவைக்கிறோமே, அதற்குச் சொந்தக்காரன்தான் அது. ஒயர் மாட்டிய தம்பியின் கல்யாணத்திலும் கணக்கு உண்டு. அது பில்லில் இருக்கும். 'வலை அலங்காரம்' என்று ஒரு வரி, எதிரே ஒரு தொகை.

இவ்வளவு பாராட்டிவிட்டேன் என்பதற்காகக் குப்பத்தின் கணக்கு சரியான கணக்கு என்று சொல்ல வரவில்லை. தலைக்கட்டு என்றால் ஆண். கட்டிக்கொண்டு வந்த பெண் மீனைத் தலையில் சுமந்து சந்தைக்குப் போய் விற்றுக் காசாக்கலாம். சீட்டில் அவள் பெயர் கிடையாது. இது ஏட்டளவு அநியாயம் என்று நினைத்தால், 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். சுனாமி நிவாரணப் பட்டியல் கடலோரத்தில் பல ஊர்களில் இந்தத் தலைக்கட்டுக் கணக்கை வைத்துத்தான் தயாரானது. கணவனை இழந்த பெண்கள், தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் எத்தனையோ பேர் அதில் விடுபட்டார்கள். கல்யாணம் புருஷனுக்குக் கொடுத்த இடம், அவன் போனதும் அவனோடு போய்விட்டது.

அதே ஏரியில் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு. பாடு அவர்களுக்கு எந்தக் காலத்திலும் இல்லை, பத்துக் கல்யாணம் பண்ணினாலும்.

நம் சினிமா இதையெல்லாம் எப்போதாவது தொட்டிருக்கிறதா? 'செம்மீன்' படத்தை (1965) எடுத்துக்கொள்ளுங்கள். தகழியின் நாவலை சுந்தர ராமசாமி தமிழில் கொடுத்திருக்கிறார். தோணியும் வலையும் சொந்தமாக வேண்டும் என்கிற செம்பன்குஞ்ஞுவின் வெறி கதையை எவ்வளவு தூரம் இழுத்துப் போகிறது! ஆனால் நமக்கு ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்று. கரையில் பெண்டாட்டி பத்தினியாக இருந்தால்தான் கடலில் புருஷன் பத்திரம். மீனவக் கல்யாணத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒரே தகவல் அதுதான். அதுவும் பெண் தலையில் விடிந்த தகவல்.

பெரியவரிடம் அவர் பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன்.

"பாக்குறோம் சார். ஏரித் தொழிலுன்னா பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்க. கம்பெனி வேலை இருக்கான்னு மொதக் கேள்வி."

கேட்காமல் என்ன செய்வார்கள்? முகத்துவாரம் மணல் மூடி மூடி, திறந்துவிடச் சொல்லி வருஷக்கணக்காக மனு கொடுத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். தெற்கே எண்ணூர் பக்கம் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போராடினார்கள். ஆழமில்லாத ஏரியில் இறால் குறைகிறது, தலைக்கட்டு கூடுகிறது. கல்யாணம் பண்ணினால்தான் பங்கு. பங்கில் ஒன்றும் இல்லை என்பதால் கல்யாணம் இல்லை. அந்தப் பையன் கும்மிடிப்பூண்டியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறானாம்.

ஹோட்டல் மேடையைப் பற்றி அவரிடம் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த வலையின் கிழிசலைத் தேடிக்கொண்டே, "புது வலைங்களா?" என்றார்.

"புதுசுதான்."

"விசேஷம் முடிஞ்சதும் அத்த இன்னா பண்ணுவாங்க சார்?"

அந்தத் தம்பியிடம் அதை நான் கேட்டுவைக்கவில்லை.