வசையான துயரம்

"சொல்லில் என்ன இருக்கிறது? எண்ணம் நல்லதாயின் போதாதா?" என்று கேட்கின்றனர், பேச்சிலே மரியாதை வேண்டுமென்றால் முகஞ்சுளிப்போர். தெருச்சண்டையிலே பெண்ணொருத்தியின் மீது வீசப்படும் 'அறுதலி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தாலி அறுத்தவள் என்பது அதன் பொருள். 'முண்டை' என்பதோ, மழிக்கப்பட்ட தலையின் நினைவு. கணவன் மாண்டது அவள் செய்த குற்றமா? துயரத்தையே வசையாக்கினோமே, தோழர்களே!

மனைவியை இழந்த ஆடவனுக்கும் தமிழிலே சொல்லுண்டு. அவன் நிலையைத் 'தபுதார நிலை' என்கிறது தொல்காப்பியம். அச்சொல்லால் எவரும் எவனையும் ஏசக் கேட்டதுண்டா? கண்ணீர் காயுமுன்னே அவனுக்கு மறுமணப் பேச்சன்றோ தொடங்குகிறது! மொழி இருவர்க்கும் சொல் தந்தது; ஒன்றை ஏட்டிலே உறங்கவிட்டு, மற்றொன்றைச் சவுக்காக்கியவர் நாம்.

"சொல்லை மாற்றினால் வாழ்வு மாறிவிடுமா?" சொல் மட்டும் மாறினால் மாறாதுதான். ஆயினும், 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரோடு ஒட்டிய சாதிப்பட்டத்தை உதறச் சொன்னது. சாதி இன்னும் சாகவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் மிகப்பலர் பெயரில் அந்த வால் இன்று இல்லை. 'ஊனமுற்றோர்' சென்று 'மாற்றுத்திறனாளி' வந்ததும் அவ்வழியிலேதான்.

நாவைத் திருத்தச் சட்டம் வரட்டுமென்று காத்திருப்பதா? அந்த வசையை நம் வீட்டுத் திண்ணையிலிருந்தே விரட்டுவோம், இன்றே!