ஆனைக்கொய்யா: புகழுரையும் அளவீடும்

ஆனைக்கொய்யா என்றும் வெண்ணெய்ப் பழம் என்றும் நாம் வழங்கும் அவகாடோவைப் பற்றித் தமிழில் வெளிவரும் உடல்நலக் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இதயத்தைக் காக்கும், தொந்தியைக் கரைக்கும், வாழைப்பழத்தைவிடப் பொட்டாசியம் மிகுந்தது, புற்றுநோயை எதிர்க்கும் என்று நன்மைகள் அடுக்கப்படும். எவ்வளவு தின்றால், எத்தனை நாளில், யாருக்கு, எதற்குப் பதிலாக என்ற கேள்விகளுக்கு அவற்றில் விடை இராது. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு உணவியலில் தனித் தேர்ச்சி கிடையாது. ஆயினும் அலகு எழுதாத விடைக்கு முழு மதிப்பெண் தர மறுப்பவன் என்ற முறையில், இக்கட்டுரைகளையும் விடைத்தாள்களாகக் கொண்டு திருத்திப் பார்க்கலாம் என்று எண்ணினேன்.

முதலில் பழத்தின் இயைபைக் காண்போம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணைப்படி, 100 கிராம் சதையில் ஏறத்தாழ 73 கிராம் நீர், 15 கிராம் கொழுப்பு, 2 கிராம் புரதம், 8.5 கிராம் மாவுப் பொருள் ஆகியவை உள்ளன. இம்மாவுப் பொருளில் 6.7 கிராம் நார்ப்பொருள். சர்க்கரை 1 கிராம்கூட இல்லை. கொழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஒற்றை நிறைவுறா வகை. ஆலிவ் எண்ணெயிலும் நம் கடலை எண்ணெயிலும் மிகுந்துள்ள ஒலியிக் அமிலமே இதிலும் முதன்மையானது. பழங்களுள் இத்தகைய இயைபு அரிது என்பதை மறுப்பதற்கில்லை. கொழுப்பு என்றாலே தீங்கு என்று கருதப்பட்ட காலத்தில் இப்பழமும் பழி சுமந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 1994-இல் வகுத்த விதி, மொத்தக் கொழுப்பின் அளவைக் கொண்டே ஓர் உணவை 'ஆரோக்கியமானது' என்று குறிக்க அனுமதித்தது. 2024 டிசம்பரில் அவ்விதி மாற்றப்பட்ட பின்னரே கொட்டைப் பருப்புகளோடு அவகாடோவும் அத்தகுதியைப் பெற்றது. இது நியாயமான திருத்தம்.

இனிப் பொட்டாசியத்துக்கு வருவோம். 100 கிராம் அவகாடோவில் 485 மில்லிகிராமும், 100 கிராம் வாழைப்பழத்தில் 358 மில்லிகிராமும் பொட்டாசியம் உள்ளன. ஆகவே அவகாடோ வென்றது என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்த 100 கிராம் அவகாடோ 160 கலோரி தருகிறது. வாழைப்பழமோ 89 கலோரிதான். ஒவ்வொரு 100 கலோரிக்கும் எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். அவகாடோவுக்கு 303 மில்லிகிராம், வாழைக்கு 402 மில்லிகிராம்! பகுதியை மாற்றியவுடன் வெற்றி தோல்வியும் இடம் மாறிவிட்டது. இரண்டு கணக்கும் சரியே. எந்தப் பகுதியால் வகுத்தோம் என்று சொல்லாமல் விடுவதுதான் குற்றம். உடல் எடையைக் குறைக்க விரும்புவோருக்கென்றே எழுதப்படும் கட்டுரையில், கலோரியை மறைத்து எடையால் மட்டும் ஒப்பிடுவது அவர்களைத் தவறான வழியில் அனுப்புவதாகும். வைட்டமின் சி-யில் இந்த நுணுக்கத்துக்கும் இடமில்லை. அவகாடோவில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம், நம் கொய்யாவில் 228 மில்லிகிராம். ஆனைக்கொய்யாவுக்கும் கொய்யாவுக்கும் பெயரைத் தவிர உறவு ஏதும் இல்லை. தாவரவியல்படி அது இலவங்கப்பட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது.

இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டும். இந்த எண்கள் யாருடைய பழத்தை அளந்து பெற்றவை? உலகச் சந்தையில் இன்று மிகுதியாக விற்பது ஹாஸ் என்னும் வகை. கலிபோர்னியாவில் தபால்காரராக இருந்த ருடால்ஃப் ஹாஸ் தம் தோட்டத்தில் தற்செயலாக முளைத்து வளர்ந்த மரத்துக்கு 1935-இல் காப்புரிமை பெற்றார். அதே அமெரிக்க அட்டவணையில் கலிபோர்னியப் பழத்தின் கொழுப்பு 100 கிராமுக்கு 15 கிராம். ஃபுளோரிடாப் பழத்தில் 10 கிராம்தான். இனத்துக்கு இனம் இவ்வளவு வேறுபாடு! நம் கீழ்ப் பழனி மலையிலும் நீலகிரிச் சரிவுகளிலும் காய்ப்பவை பல வகைப்பட்ட மரங்கள். தடியன்குடிசையிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.கே.டி. 1 என்ற வகையும் அவற்றுள் ஒன்று. பச்சைத் தோலுடைய மலைப் பழத்தின் படத்தைப் போட்டு, அதன் கீழே ஹாஸ் பழத்தின் எண்களை அச்சிடுவது ஒருவருடைய உயரத்தை மற்றொருவருடைய சட்டைக்கு அளவாகக் கொடுப்பது போன்றது.

இதயத்தைப் பற்றிய செய்திக்குச் சற்றுக் கூடுதல் இடம் தரவேண்டும். ஏனெனில் அங்கே உண்மையான ஆய்வுகள் உள்ளன. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பென்னி கிரிஸ்-ஈதர்டன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. எடை மிகுந்த 45 பேர் ஒவ்வொருவரும் மூவகை உணவை வகைக்கு ஐந்து வாரம் உண்டனர். ஒன்று கொழுப்புக் குறைந்தது. மற்றொன்று நடுத்தரக் கொழுப்புடையது. மூன்றாவது அதே நடுத்தரக் கொழுப்பை நாளுக்கொரு அவகாடோவுடன் தருவது. தீய கொலஸ்டிரால் எனப்படும் எல்.டி.எல்., மூன்றாம் உணவில் டெசிலிட்டருக்கு 13.5 மில்லிகிராம் குறைந்தது. இந்த 13.5 என்ற எண்தான் கட்டுரைகளில் உலவுகிறது. ஆனால் பழமே இல்லாத நடுத்தரக் கொழுப்புணவிலும் அது 8.3 மில்லிகிராம் குறைந்தது. கொழுப்புக் குறைந்த உணவிலும் 7.4 மில்லிகிராம் குறைந்தது.

ஆய்வகத்தில் கதிரியக்கத்தை எண்ணும் மாணவன் முதலில் என்ன செய்கிறான்? கதிரியக்கப் பொருளை அகற்றிவிட்டுக் கைகர் எண்ணியின் பின்னணி எண்ணிக்கையைக் குறித்துக்கொள்கிறான். பின்னர் அதைக் கழிக்கிறான். இங்கேயும் கழிக்க வேண்டும். 13.5-இலிருந்து 8.3-ஐக் கழித்தால் மிஞ்சும் 5.2 மில்லிகிராமே பழத்துக்கு உரியது. மற்றது உணவை ஒழுங்குபடுத்தியதால் வந்த பலன். அது எவ்வளவோ மலிவான உணவுகளாலும் கிட்டும்.

அடுத்து 2022-இல் வெளிவந்த பெரிய ஆய்வைப் பற்றிப் புகழ்க் கட்டுரைகள் வாய் திறப்பதில்லை. இடுப்புச் சுற்றளவு மிகுந்த 1,008 பேரை இரு பிரிவாகக் குலுக்கல் முறையில் பிரித்தனர். ஒரு பிரிவினர் 26 வாரம் நாள்தோறும் ஓர் அவகாடோ தின்றனர். மற்றவர் மாதத்துக்கு இரண்டுக்கு மேல் தின்னாமல் வழக்கமான உணவைத் தொடர்ந்தனர். வயிற்று உறுப்புகளைச் சூழ்ந்துள்ள கொழுப்பை எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஒத்ததிர்வுப் படத்தால் அளந்தனர். இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தொந்தியைக் கரைக்கும் என்ற கூற்று நேரடியாகச் சோதிக்கப்பட்டுத் தேறாமற் போயிற்று. எல்.டி.எல். வேறுபாடும் 2.5 மில்லிகிராம் அளவிலேயே நின்றது. பழத்தின் சார்பாகவும் ஒன்று சொல்ல வேண்டும். நாள்தோறும் 200 கலோரிக்கு மேல் தரும் பழத்தை ஆறு மாதம் தின்றும் அவர்களுடைய எடை கூடவில்லை. வயிறு நிறைந்து பிற உணவு குறைந்திருக்கலாம்.

இவ்விரு ஆய்வுகளுக்கும் பொருளுதவி செய்தது ஹாஸ் அவகாடோ வாரியம். அமெரிக்காவில் 2000-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் அமைந்த இவ்வாரியம், விளைவிப்போரிடமும் இறக்குமதி செய்வோரிடமும் கட்டணம் பெற்று விற்பனையைப் பெருக்குவதற்கென்றே இயங்குவது. இதைக் காட்டி ஆய்வுகள் பொய் என்று சிலர் ஒதுக்குவர். நான் அவ்வாறு கருதவில்லை. பணம் கொடுத்தவருக்குப் பயன்படாத முடிவை 2022-இல் அந்த அறிஞர்கள் ஒளிக்காமல் அச்சிட்டார்கள். குறை அச்சிட்டவர்களிடம் இல்லை. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துப் பரப்பியவர்களிடமே இருக்கிறது.

அதே 2022-இல் இன்னொரு பெரிய கணக்கும் வெளிவந்தது. 68,786 பெண்களையும் 41,701 ஆண்களையும் முப்பது ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், வாரம் ஒரு முழுப் பழமாவது தின்றவர்களுக்கு இதயக் குருதிநாள நோய் 16 சதவீதம் குறைவாக இருந்தது. அவகாடோ தின்போர் பொதுவாகவே நல்லுணவு உண்போர் என்பதால் இதைக் காரண காரியமாக உடனே கொள்ளலாகாது. எனக்கு அதனினும் சுவையாகப்பட்டது மற்றொரு பகுதி. வெண்ணெய், பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றுக்குப் பதிலாக அவகாடோவை வைத்துக் கணக்கிட்டபோது நோய் குறைந்தது. ஆலிவ் எண்ணெய், கொட்டைப் பருப்பு, பிற தாவர எண்ணெய் ஆகியவற்றுக்குப் பதிலாக வைத்தபோது தனிப் பயன் ஏதும் தென்படவில்லை.

வாசகர் இங்கே சற்று நின்று தம் வீட்டு அடுக்களையை நோக்க வேண்டும். காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் அமெரிக்கருக்கு அவகாடோ ஒரு மாற்று. நம்மில் பலருக்கு அது எதற்கு மாற்று? 28 கிராம் நிலக்கடலையும் 100 கிராம் அவகாடோவும் ஏறக்குறைய ஒரே கலோரி தருபவை. கொழுப்பும் ஏறக்குறைய ஒரே அளவு. நார்ப்பொருளில் அவகாடோ இரு மடங்குக்கு மேல். புரதத்திலோ நிலக்கடலை 7 கிராம், அவகாடோ 2 கிராம். விலைக் கணக்கை உங்கள் ஊர்ச் சந்தையில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். பழரசக் கடையில் பாலும் நிறையச் சர்க்கரையும் சேர்த்து அரைத்துத் தருவதை இந்த ஆய்வு எதுவும் சோதிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அவகாடோவுடன் உண்டால் காய்கறியின் கரோட்டின் பன்மடங்கு உட்கிரகிக்கப்படும் என்பது மெய்தான். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2005-இல் செய்த சிறு ஆய்வில் பச்சைக் காய்க் கலவையின் பீட்டா கரோட்டின் 15 மடங்கு ஏறிற்று. ஆனால் பழத்துக்குப் பதில் அதன் எண்ணெயை மட்டும் 24 கிராம் சேர்த்தபோதும் விளைவு ஒத்தே இருந்தது. கரோட்டின் கொழுப்பில் கரைவது. கீரைக்குத் தாளிக்கும் எண்ணெயும் அவ்வேலையைச் செய்யும்.

நான் கடுமையாகக் கண்டிக்க விரும்புவது புற்றுநோய்ப் பகுதியை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார் 2015-இல் அவகாடோவிலிருந்து பிரித்த அவகாட்டின் பி என்னும் பொருள், ஒருவகை இரத்தப் புற்றுநோய்ச் செல்களை ஆய்வகத்தில் அழித்தது. பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய சேர்மம், கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள். இதிலிருந்து 'பழம் தின்றால் புற்றுநோய் தீரும்' என்பதற்கு வழியே இல்லை. அத்தலைப்பைப் படித்து ஒரு நோயாளி சிகிச்சையை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அதற்கு எழுதியவர் பொறுப்பேற்பாரா? கொட்டையைப் பொடித்து உண்ணச் சொல்லும் குறிப்புகளும் இவ்வினத்தவையே. அவகாடோ இலையிலும் பட்டையிலும் உள்ள பெர்சின் ஆடு மாடுகளுக்கும் பறவைகளுக்கும் நஞ்சு. கொட்டை மனிதருக்குத் தீங்கற்றது என்று இதுவரை நிறுவப்படவில்லை.

பொட்டாசியம் மிகுதி என்பதைப் புகழாக எழுதும் அதே வரியில், சிறுநீரகம் பழுதுற்றவருக்கு அதுவே ஆபத்து என்று ஒரு வாக்கியம் சேர்க்க எவ்வளவு இடம் பிடிக்கும்? நடுத்தர ஹாஸ் பழம் ஒன்றின் சதை ஏறத்தாழ 136 கிராம். அதில் 690 மில்லிகிராம் பொட்டாசியம் உள்ளது. பழுதுற்ற சிறுநீரகம் அதை வெளியேற்ற இயலாதபோது இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு குலையும். சிறுநீரக நோயாளிக்கு எந்தப் பழம் எவ்வளவு என்பதை மருத்துவர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்தே கூறுகிறார். நான் திருத்திய கட்டுரைகளில் ஒன்றில்கூட அந்த வாக்கியம் இல்லை.