‘தூக்கிட்டுத்தானே இருக்கேன்’: ராமச்சந்திரன் புத்தகத்தில் ஒரு குறை

நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் வாங்கி, பாதியில் மூடி வைத்த புத்தகம் இது. வி.எஸ். ராமச்சந்திரன், சாண்ட்ரா பிளேக்ஸ்லீயோடு சேர்ந்து 1998-ல் எழுதிய ‘பேன்டம்ஸ் இன் தி பிரெய்ன்’. மறுபடி எடுக்க வைத்தவர் என் பெரியப்பா.

சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். ஒருநாள் விடியற்காலையில் இடது கை, கால் விழுந்துவிட்டது. “கையைத் தூக்குங்க பெரியப்பா” என்றால், “தூக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றார். கை மடியில் கிடந்தது. “எப்பவும் இதே வீம்பு” என்றார் பெரியம்மா. எனக்கு ஒண்ணுமில்லை என்று அவர் சொன்னதை நம்பி, மத்தியானம்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த ராமச்சந்திரன், இந்த மறுப்பை ஒரு அத்தியாயம் முழுக்க அலசுகிறார். மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ உடம்பின் இடப்பக்கம் விழும். சிலருக்கு, விழுந்துவிட்டது என்கிற அறிவும் சேர்ந்தே போய்விடும். 1914-ல் பாபின்ஸ்கி இதற்கு வைத்த பெயர் அனோசோக்னோசியா. மனசு தாங்காமல் மறுக்கிறார்கள் என்றால், வலது கை விழுந்தவர்களும் அதே அளவு மறுக்கணுமே? அது அரிது. வீம்பு என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்கிற இந்த வாதம்தான் புத்தகத்தின் ஆகச் சிறந்த இடம்.

இடது காதில் குளிர்ந்த நீர் விட்டதும் ஒரு பெண்மணி தன் கை விழுந்ததை ஒப்புக்கொள்கிறார். கொஞ்ச நேரத்தில் பழையபடி மறுக்கிறார். அசத்தலான சோதனைதான். ஆனால் இப்படி ஒரு சில நோயாளிகளை வைத்து, இட மூளை கதை கட்டும், வலது மூளை பிழை பார்க்கும் என்று பெரிய கோட்பாடு எழுப்புவது எனக்கு ஒப்பவில்லை. வாசல் வழியாக அனுப்பிய ஃப்ராய்டைக் கொல்லைப்புறமாகக் கூட்டி வருவதும்தான்.

பெரிய குறை வேறு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு அமெரிக்காவில் 1996-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஸ்கேனில் அடைப்புதான் என்று உறுதியானால், இன்றைய கணக்கில் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கணும். தனக்கு நோயே இல்லை என்பவர் எப்படி உதவி கேட்பார்? விசித்திரம் என்று நாம் ரசித்துப் படிக்கிற அதே அறிகுறிதான் அந்த நேரத்தைத் தின்கிறது. புத்தகத்தின் கவனம் அங்கே போகவில்லை.

மூணாவது வாரம் பெரியப்பா “கை வரலடா” என்றார். அன்றைக்குத்தான் அழுதார்.

புத்தகத்தை அவசியம் படியுங்கள். ஆனால் வீட்டில் யாருக்காவது திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கம் கை விழுந்தாலோ, அவர் என்ன சொன்னாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.