எலும்பு அரிச்சுவடி: எண்ணலும் கேட்டலும்

சமகால மேற்கத்தேய இசையில் சிக்கலுக்குப் பேர்போனவர் ஆங்கிலேய இசையமைப்பாளரான பிரையன் பேர்னிஹோ. அமெரிக்கத் தாளவாத்தியக் கலைஞர் ஸ்டீவன் ஷிக்கிற்காக அவர் 1991இல் எழுதிய தனி ஆக்கம் ‘போன் அல்பபெற்’. தமிழில் எலும்பு அரிச்சுவடி எனலாம். பயணப் பொதிக்குள் அடங்கும் சில கருவிகளுக்கு ஓர் ஆக்கம் வேண்டுமென்றே ஷிக் கேட்டிருந்தார். கிடைத்ததோ ஏழு சிறு கருவிகளுக்குள் அடைக்கப்பட்ட பெருஞ்சிக்கல். 1992இல் அவரே அதனை முதன்முதலாக வாசித்தார்.

இத்தகைய ஆக்கங்கள் மீதான குற்றச்சாட்டு நமக்குப் புதியதன்று. நவீன கவிதை குறித்தும் நாம் கேட்டதுதான்: ‘விளங்காதபடி எழுதுவது எதற்கு?’ இங்கே அக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. கேட்பவர் கண்டுகொள்ளவே முடியாத நுண்கணக்கை வாசிப்பவர் ஏன் தீர்க்க வேண்டும்? ஏறத்தாழ வாசித்தால் என்ன?

கணக்கின் தன்மையை முதலில் நோக்குவோம். ஒரே கால அளவில் ஒரு கை மூன்று அடிகளையும் மறு கை நான்கு அடிகளையும் சமமாக இட வேண்டுமாயின், பொது மடங்குகளுட் சிறியதான 12ஐக் கண்டு காலத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் போதும். நான் கற்பிக்கும் எட்டாம் வகுப்பு மாணவருக்கும் இது விளங்கும். ஐந்துக்கு ஏழு எனில் 35. பேர்னிஹோவோ கூறுக்குள் கூறு வைப்பவர். நான்கு அடிகளின் இடத்தில் ஐந்து, அந்த ஐந்தில் இரண்டின் இடத்தில் மூன்று என வைத்துக்கொள்வோம். உள்ளிருக்கும் ஓரடியின் அளவு முழுக் காலத்தின் 2/15. மறு கையில் ஏழு வந்தால் தேவைப்படும் பிரிவு 105. வாசிக்கும் வேகத்தில் நூற்றைந்தை எவரும் எண்ண முடியாது.

அப்போது வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. நான்கின் இடத்தில் ஐந்து என்பதை வேக மாற்றமாகக் கொள்ளலாம்: நிமிடத்துக்கு 60 அடி 75 ஆகிறது. அதனுள் இரண்டின் இடத்தில் மூன்று வர, 112.5. அதுவும் கைகொடுக்காத இடத்தில் ஓர் இழையை முதன்மையாக்கி, மற்றதை அதன் மீதான அலங்காரமாகக் காதினால் பொருத்த வேண்டும். தான் இவ்வாக்கத்தைக் கற்ற விதத்தை 1994இல் வெளியான கட்டுரையொன்றில் ஷிக் விரிவாக எழுதியுள்ளார்.

எந்த இடத்துக்கு எந்த வழி என்ற தெரிவே இங்கு வியாக்கியானம் என்பது எனது கருத்து. பொது மடங்கால் தீர்த்த இடத்தில் இரு கைகளும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு ஒரே உருவாகின்றன. அதையே வேக மாற்றமாக வாசித்தால் ஓர் இழை மற்றதை விட்டு விலகி ஓடுகிறது. கால அளவுகள் மாறவில்லை, இசை மாறிவிடுகிறது.

ஏறத்தாழ வாசிக்கும் கை எங்கே போகும்? தனக்குப் பழகிய இடத்துக்கே போகும். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் தெரிந்த ஒரே இராகத்தில் இழுத்து ஓதும் மாணவனைப் போலத்தான். கணக்குச் செய்வது கேட்பவருக்குக் கணக்கைக் காட்டுவதற்கன்று; கையின் பழக்கத்தைத் தடுப்பதற்கு.

எனினும் கேட்பவரின் முறைப்பாட்டை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. ஏழு கருவிகளையும் தெரிவுசெய்பவர் வாசிப்பவரே. அவை ஒத்த விதமாக ஒலித்து ஒத்த விதமாக அடங்க வேண்டும். வரிசையில் அடுத்தடுத்து வருபவை ஒரே இனத்தவையாக இருக்கலாகாது. இவை இசையமைப்பாளரின் நிபந்தனைகள். இழைகள் தனித்தனியாகக் காதில் விழுவது பெரிதும் இத்தெரிவிலேயே தங்கியுள்ளது. தெரிவு பிசகினால் அத்தனை உழைப்பும் வெறும் சடசடப்பாகிவிடும்.

எனவே இவ்வாக்கத்தை மதிப்பிடுபவர் கேட்க வேண்டியது ‘கணக்கு விளங்கியதா’ என்பதன்று, ‘இழைகள் பிரிந்து கேட்டனவா’ என்பதே. இல்லையென்றால் அந்த ஆற்றுகை தோற்றது என்று தயங்காமல் சொல்லலாம். அப்படிச் சொல்ல இசைக்குறியீடு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.