சீதனத்தின் எழுதப்படாத பகுதி

யாழ்ப்பாணத்துச் சீதனத்தைப் பற்றி நமது முற்போக்கு எழுத்தாளர்கள் படைத்த கதைகளிற் பல, கல்யாணப் பந்தலோடு முடிந்துவிடுகின்றன. காணி ஈடு வைக்கப்படுகிறது, தமையனின் சம்பளம் கரைகிறது, தாலி ஏறுகிறது, கதையும் முடிகிறது. உறுதி முடித்த மறுநாள் தொடங்குவது வேறொரு கதை. மணமான மகளின் வீட்டிலே முதிய தாய் அடுப்போடும், தகப்பன் கிணறு, வேலி, சந்தை என்றும் காலமெல்லாம் உழைக்கும் அக்கதைக்கு நமது இலக்கியம் போதிய இடமளிக்கவில்லை.

இதனை வெறும் பெற்றோர் பாசம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. பாசம் உண்டு, ஆனால் அதற்கொரு பொருளாதார அடிப்படையும் உண்டு. 1707இல் ஒல்லாந்தருக்காகக் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, மணமாகாத ஆண்மக்களின் தேட்டத்தைக் குடும்பப் பொதுச்சொத்தோடு சேர்த்தது. பெண்மக்கள் பெற்ற சீதனத்தோடு அமைய வேண்டும் என்றது. பெற்றோர் தம் வீட்டையே மகளுக்குச் சீதனமாக எழுதிச் சீவிய உருத்தை மட்டும் தமக்கென வைத்துக்கொள்வது இன்றும் காணும் வழக்கம். அதே வளவில் அவர்கள் தொடர்ந்து வாழ்வர். வீடு மகளின் பெயரில். ஆயினும் அதை விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென்றது 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். மகளுக்கு உறுதி உண்டு, உரிமை அரைகுறை.

மருமகனோ கொழும்பிலே எழுதுவினைஞர். குடும்பத்தை அங்கே வைத்திருக்க அவர் சம்பளம் போதாது. அந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்தவள், ஊரிலே மா இடித்து, மிளகாய்த்தூள் வறுத்துக் கொடுத்து, பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டிய மாமியாரே. அரசாங்கம் கொடுக்காத கூலியை முதியவர் உழைப்பு கொடுத்தது என்பதே உண்மை. (வேலி அடைக்க வந்த கூலியாளின் வியர்வையைப் பற்றி இந்த வீடுகள் பேசியதேயில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

இவ்வாழ்க்கையின் உட்புறத்தைத் துணிந்து காட்டிய நாவல், 1971இல் நூலாக வெளிவந்த எஸ். பொன்னுத்துரையின் 'சடங்கு'. அவர் நம் அணியை விட்டுப் பிரிந்து 'நற்போக்கு' என்று தனிக்கொடி பிடித்தவர். அணிப் பிரிவினை நூலை அளக்கும் கோலாகாது. விடுப்பிலே ஊருக்கு வரும் எழுதுவினைஞன் மனைவியோடு தனித்திருக்க இயலாது தவிப்பதை அவர் கூரிய நோக்கோடு வரைந்தார். எனினும் குறையொன்று உண்டு. அந்தத் தவிப்பின் கண்கொண்டே வீடு முழுவதும் பார்க்கப்படுகிறது. ஆதலால் மாமியார் பெரும்பாலும் தடையாகவே நிற்கிறாள். அந்தத் தடைக்குப் பின்னாலுள்ள உழைப்பு நாவலின் மையத்திற்கு வரவில்லை. தாய் தந்த உதவியால் தன் குசினியிலேயே தலைவியாகாது போன மகளின் மனமும் அவ்வாறே. எழுத்தின் துணிவு படுக்கையறை வரை சென்று அடுப்படி வாசலில் நின்றுவிட்டது.

இன்று அந்தக் குசினி தொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கிறது. பெற்றோர் நீண்டகாலம் தங்குவதற்கெனக் கனடா 2011இன் இறுதியில் 'சுப்பர் விசா' ஒன்றை ஏற்படுத்தியது. பிள்ளையின் வருமானத்தையும் பெற்றோரின் மருத்துவக் காப்புறுதியையும் அது கேட்கிறது. தாய் அங்கே பார்க்கப்போகும் வேலையைக் கேட்பதில்லை. மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் விமானமேறுகிறாள். தகப்பன் ஊரிலே சீதன வளவைக் காத்துக்கொண்டு, தனக்கென ஒருபிடி அரிசியைத் தானே உலையிலிடுகிறார்.