க/பெ என்று எழுதப்படும் வீடு

நாளிதழின் உள்பக்கங்களில் வங்கிகள் வெளியிடும் சுவாதீன அறிவிப்புகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கல்வெட்டையும் ஓலை ஆவணத்தையும் பனுவலாக வாசிக்கச் சொல்லித்தரும் நான், இவற்றை மட்டும் விளம்பரம் என்று புரட்டிவிட்டுப் போக முடியவில்லை. கடன் தவறிய வீட்டை 2002ஆம் ஆண்டின் சர்பாசி சட்டத்தின்கீழ் வங்கி சுவாதீனம் எடுத்தால், அதை இரண்டு நாளிதழ்களில் வெளியிட வேண்டும். அவற்றில் ஒன்று வட்டார மொழி நாளிதழாக இருக்க வேண்டும். ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி அப்படித்தான் தமிழில் அச்சேறுகிறது.

இந்தப் பனுவலில் ஆண் த/பெ என்று வருகிறார். மணமான பெண் பெரும்பாலும் க/பெ என்று வருகிறாள். கடன்தாரர், இணைக் கடன்தாரர், ஜாமீன்தாரர் என்ற வரிசையில் பல நேரம் இரண்டாவது இடமோ மூன்றாவது இடமோதான் அவளுக்கு. பிறகு புல எண், சதுர அடி, நான்கெல்லை. கிழக்கே எத்தனை அடிச் சாலை என்பதுவரை எழுதியிருக்கும். கடன் வாங்கும் முடிவை யார் எடுத்தார்கள் என்பது இருக்காது. சட்ட ஆவணத்திடம் அதை எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் அவள் பெயர் அங்கே எப்படி வந்தது என்று நாம் கேட்கலாம்.

பெண் பெயரில் வீட்டுக்கடன் எடுத்தால் பல வங்கிகள் வட்டியில் சிறு சலுகை தருகின்றன. 1989இல் தமிழ்நாடு கொண்டுவந்த வாரிசுரிமைத் திருத்தம் தொடங்கி, சொத்தில் பெண் பெயர் ஏறுவதற்கு நீண்ட வரலாறு உண்டு. அது வேண்டிய வரலாறு. ஆனால் பத்திரத்தில் பெயர் ஏறியதாலேயே முடிவில் பங்கு வந்துவிடுவதில்லை. கணவரின் தொழிலுக்காக வீட்டை அடமானம் வைக்கும் நாளில் அவளிடம் கேட்கப்படுவது கையெழுத்து மட்டுமே.

என் பெரியம்மா மகளின் வீடும் இருவர் பெயரில் இருந்தது. அத்தானின் அச்சகம் நொடித்துத் தவணை நின்ற இரண்டாம் மாதமே, "வித்துடலாங்க" என்றாள் அக்கா. "வித்துத் திங்கச் சொல்றியா?" என்று கேட்டார் அவள் மாமியார். அத்தான் மானம் பார்த்தார். ஆறு மாதம் போனது.

அந்த ஆறு மாதத்தின் விலை என்ன என்று சட்டத்தைப் படித்தால் தெரியும். 90 நாள் தவணை நிலுவையானால் அது வாராக்கடன். அடுத்து, 60 நாள் அவகாசம் தரும் அறிவிப்பு. அதைப் பெற்ற பிறகு, வங்கியின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் வீட்டை விற்க முடியாது. முழு நிலுவையையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமையும், 2016 திருத்தத்திற்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான். அறிவிப்பு வருவதற்கு முன்பே நிலுவையை வங்கியிடம் எழுதி வாங்கி, வாங்குபவர் பணத்தில் அதை அடைத்து, அடமானத்தை ரத்து செய்து கிரயம் செய்துகொடுக்க வழி இருந்தது. விலை பேசும் இடத்தில் நாம் இருந்திருப்போம். ஏலத்தில் அந்த இடம் நமக்கு இல்லை.

இதைத் தடுத்தது ஒரு சொல். 'வித்துத் தின்பது' என்ற வசை, கடனை அடைக்க விற்பவளையும் ஊதாரியையும் ஒரே தட்டில் வைக்கிறது. 'வாழ்ந்து கெட்ட குடும்பம்' என்பதிலும் கெடுவதற்குத்தான் சொல் இருக்கிறது. கெடாமல் இருக்க உரிய காலத்தில் விற்றவளின் அறிவுக்கு நம் வழக்கில் பெயர் இல்லை.

சிலப்பதிகாரத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். சிலம்பு கண்ணகியுடையது. அதை விற்க மதுரைக் கடைவீதிக்குப் போனவன் கோவலன். விற்பனையில் அவள் இல்லை, விளைவு மட்டும் அவளைத் தேடி வந்தது. கற்பின் கதையாகவே வகுப்பில் நடத்திவரும் அந்தக் காப்பியத்தை, ஒரு பெண்ணின் சொத்து அவளில்லாமல் விலைக்குப் போன கதையாகவும் நடத்தலாம்.

அக்காவின் வீடு கடைசியில் வங்கியின் ஒப்புதலோடுதான் விற்றது. அவசரம் தெரிந்த வாங்குபவர் விலையைக் குறைத்தார். கடன் போக மிஞ்சிய தொகையை அச்சகத்தின் சில்லறைக் கடன்களுக்கு என்று எல்லாரும் பிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, சார்பதிவாளர் அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அக்கா, "என் பாதி என் கணக்குல வரட்டும், அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்றாள். உறவில் சிலர் இன்னும் அவளோடு பேசுவதில்லை. அந்தப் பணம்தான் அவர்கள் இப்போது இருக்கும் வாடகை வீட்டின் முன்பணம்.

கிரயப் பத்திரத்திலும் அவள் க/பெ தான். ஆனால் அன்று அந்தக் கையெழுத்தை அவள் கேட்டவுடன் கொடுத்துவிடவில்லை. அடமானம் வைத்த நாளில் அந்தப் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை, பத்திரத்தில் பெயர் உள்ள நாம் ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டும்.